ஐந்து லிட்டர் கலனில் டி.எச்.ஏ.: காற்றையும் கலக்கலையும் அளந்து பார்த்த பதிவு

கொடுவா மீன் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்களில் உயிருள்ள தீனிதான் கொடுக்க வேண்டும். அவற்றுள் எளிதில் கிடைப்பது ஆர்ட்டீமியா என்னும், உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர். டப்பாவில் வரும் முட்டைகளை உப்புநீரில் இட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். ஆனால், கடல்மீன் குஞ்சின் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலம் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே, குஞ்சுகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஆர்ட்டீமியாவுக்கே அந்தக் கொழுப்பை ஊட்டி நிறைத்தாக வேண்டும். வேதாரண்யம் பகுதியில் நாங்கள் நடத்தும் சிறிய பொரிப்பகத்தில் இதற்கான ஊட்டப்பொருளை நெடுங்காலமாக வெளியிலிருந்து வாங்கி வந்தோம். அதில் ஒரு பகுதியையாவது நாங்களே வளர்த்துக்கொள்ள முடியுமா என்று தொடங்கிய வேலையின் பதிவு இது. நுண்ணுயிரை வளர்ப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை; அதற்கு எவ்வளவு காற்று கொடுப்பது, எவ்வளவு வேகத்தில் கலக்குவது என்று தீர்மானிப்பதில்தான் பெரும்பகுதி உழைப்பு போயிற்று.

மீன் எண்ணெயில் இருக்கும் டி.எச்.ஏ. பெரும்பாலும் மீன் செய்தது அன்று. உணவுச் சங்கிலியின் அடியில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்ததை மீன் உண்டு சேர்த்து வைத்திருக்கிறது. அந்த நுண்ணுயிர்களில் ஒரு குடும்பம் திராஸ்டோகைட்ரிட் எனப்படுவது. இவை தாவரமும் அல்ல, பூஞ்சையும் அல்ல, ஒளி வேண்டாதவை, அலையாத்திக் காடுகளில் உதிர்ந்து அழுகும் இலைகளின்மேல் செழித்து வாழ்பவை. கடல்நீர் மாதிரியில் பைன் மரத்தின் மகரந்தத் தூளைத் தூவி, அதில் ஒட்டிக்கொண்டு வளர்பவற்றை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தெடுப்பது இத்துறையில் பழகிய முறை. முத்துப்பேட்டைக் காடு எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆயினும் அது பாதுகாக்கப்பட்ட வனம் என்பதாலும், பிரித்தெடுத்து இனம் காண்பது தனி வேலை என்பதாலும், ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் முன்பே பிரித்து வைத்திருந்த, இக்குடும்பத்தைச் சேர்ந்த சைசோகைட்ரியம் வகையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு, சமையலுக்குப் பயன்படும் மோனோசோடியம் குளூட்டமேட், பாதிச் செறிவுக்கு நீர்த்த கடல்நீர் ஆகியவையே இதற்கு உணவு. இப்பகுதியில் மலிவாகக் கிடைக்கும் வெல்லத்தையும் ஆலைக் கழிவுப்பாகையும் பலர் பரிந்துரைத்தார்கள். இக்குடும்பத்தின் பல வகைகளுக்குச் சுக்ரோஸை நேரடியாக உண்ணும் திறன் இல்லை. அதை முதலில் உடைத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே, அந்த யோசனையைத் தள்ளி வைத்தோம். குளுக்கோஸை மற்ற உணவுகளோடு சேர்த்து, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் புரதப்பொருளுடன் வினைபுரிந்து கரைசல் பழுப்பாகிவிடும் என்பதால், அதைத் தனியே வேகவைத்து, ஆறிய பிறகு கலந்தோம்.

முதற்கட்ட வேலை, ஷேக்கர் என்னும் சுழற்றும் மேடையில் வைத்த ஃபிளாஸ்குகளில் நடந்தது. 250 மில்லி ஃபிளாஸ்க் ஒன்றில் 50 மில்லி, மற்றொன்றில் 150 மில்லி என ஒரே கரைசலை ஊற்றி, முன்பே வளர்த்த செல்களை விதையாக ஒரே அளவில் இட்டு, ஒரே வேகத்தில் சுழற்றினோம். ஃபிளாஸ்கில் குமிழி இல்லை. சுழலும் நீர் கண்ணாடிச் சுவரில் ஏறிப் பரப்பும் மெல்லிய படலத்தின் வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே போகிறது. நீர் அதிகமானால் அந்தப் படலத்தின் பங்கு குறைகிறது. அடியில் உள்பக்கமாக மடிப்பு வைத்த ஃபிளாஸ்க் இந்த வரவைக் கூட்டும். ஆனால் வேகம் மிகுந்தால் கரைசல் மேலே தெறித்துப் பஞ்சு அடைப்பானை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு காற்றை விடாது. இதைக் கவனிக்காமல் எடுத்த எண்களை நம்பக் கூடாது. குறைவாக ஊற்றிய ஃபிளாஸ்கில் செல்கள் அடர்த்தியாக வளர்ந்தன. நிறைய ஊற்றியதில் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது; ஆனால், கொழுப்பமிலங்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பாய்வுக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு வந்தபோது, அதன் கொழுப்பில் டி.எச்.ஏ.வின் பங்கு கூடுதலாக இருந்தது. மூச்சுத் திணறிய கூட்டத்தில் நல்ல கொழுப்பின் விகிதம் உயர்ந்திருந்தது என்னும் இந்த முரண்தான் பிறகு செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முரணுக்கான காரணம் செல்லுக்குள் இருக்கிறது. டி.எச்.ஏ. 22 கார்பன்களும் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட நீண்ட மூலக்கூறு. பெரும்பாலான உயிர்கள் இத்தகைய கொழுப்பமிலத்தைச் செய்யும்போது, முதலில் ஒரு சங்கிலியைக் கட்டி, பின்னர் டீசாச்சுரேஸ் என்னும் நொதிகளைக் கொண்டு ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பாக இடுகின்றன. ஒரு பிணைப்புக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும். சைசோகைட்ரியம் வேறு வழியில் போகிறது. பாலிகீடைடு சிந்தேஸ் போன்ற ஒரு பெரிய நொதித் தொகுதி, சங்கிலியைக் கட்டும்போதே இரட்டைப் பிணைப்புகளையும் அதில் அமைத்துவிடுகிறது. அதற்கு ஆக்சிஜன் மூலக்கூறு தேவையில்லை. 2001இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு இந்த வழியை உறுதிப்படுத்தியது. எனவே, ஆக்சிஜன் குறைந்தாலும் டி.எச்.ஏ. கட்டுவது நேரடியாக நின்றுவிடாது. ஆனால், செல் பெருகுவதற்கும், சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். கொழுப்பு சேர்ப்பதற்கும் அந்த ஆற்றல்தான் வேண்டும். பெருகும்போது நிறைய, சேர்க்கும்போது அளவாக என்று இரண்டு கட்டமாகக் காற்றைப் பிரிக்கும் வழக்கம் தொழிற்சாலைகளில் இதனால்தான் வந்தது.

இந்த அறிவுரையை எல்லா நுண்ணுயிருக்கும் பொதுவாக்குவது பிழை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பாலில் இயல்பாக உள்ளதும் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படுவதுமான அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தை மார்ட்டியரெல்லா ஆல்பினா என்னும் மண்பூஞ்சை செய்கிறது. அது டீசாச்சுரேஸ் வழியில் போவது. ஆக்சிஜனைக் குறைத்தால் பிணைப்பு இடும் வேலையே தடைப்படும். மேலும், அது இழையாக வளர்வதால், மெதுவாகக் கலக்கினால் உருண்டையாகத் திரண்டு உருண்டையின் நடுப்பகுதி மூச்சு முட்டுகிறது. வேகமாகக் கலக்கினால் இழை அறுந்து கரைசல் கஞ்சிபோல் தடித்து, பிறகு காற்றே கலக்காமல் போகிறது. கிரிப்தகோடினியம் என்னும் கடல் நுண்ணுயிரும் டி.எச்.ஏ. செய்யும், அதன் செல் கலக்கியின் அலகு வேகத்தைத் தாங்காது, கரைசலில் பசைப்பொருளையும் கக்கும். ஒரு நுண்ணுயிரின் கட்டுரையிலிருந்து மற்றொன்றின் வேகத்தை எடுத்து வைக்கும் பழக்கம் பல குறிப்புகளில் காணப்படுகிறது. எந்த உயிர், எந்த வழி என்று கேட்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்து ஐந்து லிட்டர் கலன். உள்விட்டம் 16 செ.மீ. உள்ள போரோசிலிகேட் கண்ணாடிக் கலனில் மூன்றரை லிட்டர் கரைசல் ஊற்றினால் நீர்மட்டத்தின் உயரம் ஏறத்தாழ விட்டத்துக்குச் சமமாகும். ஒற்றைக் கலக்கிக்கு இந்த வடிவம் ஏற்றது. ஆறு தட்டை அலகுகள் கொண்ட கலக்கியை, கலன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டத்தில், நாகப்பட்டினத்து லேத் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கினோம். சுவரை ஒட்டி நான்கு தடுப்புத் தகடுகள், ஒவ்வொன்றும் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். இந்தத் தகடுகள் இல்லாவிட்டால் நீர் முழுவதும் ஒரே சுழியாகச் சுற்றுமே தவிர, மேலும் கீழும் புரளாது; கலக்கியின் ஆற்றல் சுழியிலேயே வீணாகும். கலக்கிக்கு நேர் கீழே துளையிட்ட வளையக் குழாய், காற்று 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக வந்து அதில் சேர்கிறது. உலோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: குளோரைடு நிறைந்த வெந்நீர் துருப்பிடிக்காத எஃகையும் நாளடைவில் அரித்துக் குழி விழச் செய்யும். தொழிற்சாலைகளில் சோடியம் குளோரைடுக்கு மாற்றாகச் சோடியம் சல்ஃபேட்டைச் சேர்ப்பது இதனால்தான். எங்கள் கலனில் கலக்கித் தண்டு மட்டும்தான் உலோகம் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் நன்னீரில் அலசித் துடைத்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

கலனில் எவ்வளவு ஆக்சிஜன் நிற்கும் என்பதைவிட எவ்வளவு வேகத்தில் வரும் என்பதே முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 7.5 மி.கி. ஆக்சிஜன் கரைந்திருக்கும், உப்பு சேரச் சேர அது இன்னும் குறையும். பாதிக் கடல்நீரில் 7 மி.கி.க்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அடர்ந்த கூட்டம் ஒன்று லிட்டருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கிராம் ஆக்சிஜனை உண்ணுவதாகக் கணக்கிட்டால், அந்த 7 மி.கி. முழுவதும் 25 வினாடிகளில் தீர்ந்துவிடும். சர்க்கரையை நாள் முழுவதற்கும் சேர்த்து ஊற்றி வைக்கலாம். ஆக்சிஜனை அப்படிச் சேமித்து வைக்க முடியாது. இறால் குட்டைக்காரர்கள் விடியற்காலையில் துடுப்புச் சக்கரத்தை நிறுத்தத் தயங்குவதும் இதே கணக்கினால்தான். வேறுபாடு, குட்டையில் மணிக்கணக்கில் நடப்பது கலனில் வினாடிக்கணக்கில் நடக்கிறது.

வரவின் வேகத்தை அளக்க நாங்கள் கையாண்ட முறை எளியது. கரைந்த ஆக்சிஜன் மீட்டரின் முனையைக் கலனுக்குள் வைத்து, செல்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே காற்றைச் சிறிது நேரம் நிறுத்துவோம். வாசிப்பு ஒரே சாய்வில் இறங்கும். அந்தச் சாய்வே செல்கள் உண்ணும் வேகம். செல்கள் மூச்சுத் திணறும் அபாய எல்லையைத் தொடும் முன்பே காற்றைத் திறந்தால் வாசிப்பு வளைந்து ஏறும். அந்த வளைவிலிருந்து, குமிழியிலிருந்து நீருக்கு ஆக்சிஜன் கடக்கும் கெழுவைக் கணக்கிடலாம். அந்தக் கெழு மணிக்கு 100 என்று வந்தால், நீரில் ஆக்சிஜன் முழுவதும் வற்றிய நிலையில்கூட அந்தக் கலன் ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு 700 மி.கி.க்கு மேல் கொடுக்காது. ஒரு கிராம் கேட்கும் கூட்டத்தை அதில் வளர்க்கவே முடியாது என்பது, குளுக்கோஸை வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மீட்டரின் முனை மெதுவாக விடையளிக்கும் வகையாக இருந்தால் வளைவு பொய் சொல்லும். ஆகவே, முனையைக் காற்றேறிய நீரிலிருந்து ஆக்சிஜன் நீக்கிய நீருக்கு மாற்றி, அது இறங்க எடுக்கும் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. செல் இல்லாத வெறும் கலனைச் சோதிப்பதற்குச் சோடியம் சல்ஃபைட் போதும்: ஒரு மி.கி. ஆக்சிஜனை நீக்க ஏறத்தாழ 7.9 மி.கி. சல்ஃபைட் செலவாகும்.

கெழுவை உயர்த்த மூன்று வழிகளைப் பார்த்தோம். முதலாவது கலக்கியின் வேகம். வேகம் கூடினால் குமிழி சிறிதாகிறது; ஒரே அளவு காற்றை 6 மி.மீ. குமிழியாக விடுவதற்குப் பதில் 2 மி.மீ. குமிழியாக விட்டால் தொடும் பரப்பு மூன்று மடங்காகும். ஆனால் கொந்தளிப்பான ஓட்டத்தில் கலக்கி இழுக்கும் மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. மோட்டாரைப் பழுது பார்த்த வைண்டிங் கடைக்காரர் இந்தச் சூத்திரம் எதுவும் இல்லாமலே, “சார், இதுக்கு மேல வேகம் வச்சா காயில் தாங்காது” என்று சொன்னது அதே செய்திதான். இரண்டாவது வழி, காற்றின் அளவைக் கூட்டுவது. ஓரளவுக்கு மேல் போனால் கலக்கியின் அலகுகளைச் சுற்றிக் காற்றுப்பை உருவாகி, அது நீரைத் தள்ளாமல் காற்றுக்குள்ளேயே சுழலத் தொடங்குகிறது. பெரிய குமிழிகள் கலங்காமல் நேரே மேலே போய்விடுகின்றன. ஓசையே மாறிவிடுவதால் இந்த நிலையைக் காதாலும் கண்டுகொள்ளலாம். மூன்றாவது, காற்றோடு சிலிண்டர் ஆக்சிஜனைச் சேர்ப்பது. காற்றில் 21 விழுக்காடுதான் ஆக்சிஜன் என்பதால், தூய ஆக்சிஜனைக் கொடுத்தால் கரைதிறன் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். தீப்பிடிக்கும் அபாயத்தையும் செலவையும் எண்ணி இதை விட்டுவிட்டோம். எங்கள் அளவுக்கு அது தேவையும் இல்லை.

உப்பு இந்த இடத்தில் ஓர் உதவியும் செய்கிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைகிறது. வாய்க்கால் நீரில் விட்ட காற்று பெரிய குமிழியாக எழும் அதே வேகத்தில், கோடியக்கரைக் கடல்நீரில் பால் போன்ற நுண்குமிழி மண்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே, கரைதிறன் குறைந்தாலும் கடக்கும் பரப்பு கூடி அந்த இழப்பை ஈடுசெய்கிறது. இதைக் கெடுப்பது நுரைதடுப்பான். ஈஸ்ட் சாற்றில் உள்ள புரதத்தால் நுரை பொங்கி வடிகட்டியை அடையப் பார்க்கும்போது சிலிக்கோன் துளிகளை விடுகிறோம். நுரை அடங்குகிறது, ஆனால் அதே துளிகள் கரைசலுக்குள் உள்ள சிறு குமிழிகளையும் ஒன்றுசேர்த்துவிடுவதால் மீட்டரின் வாசிப்பு உடனே சரிகிறது. இப்போது நுரைதடுப்பானைக் கொட்டுவதில்லை. மேலே வெற்றிடம் அதிகம் விட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து, தேவைப்பட்டால் மட்டும் துளித்துளியாக விடுகிறோம்.

இரண்டு கட்ட முறையை இந்தக் கலனில் நடத்தியபோது, நைட்ரஜன் தீரும் கட்டத்தையே திருப்பமாகக் கொண்டோம். நைட்ரஜன் இருக்கும்வரை செல் பெருகும். அது தீர்ந்து சர்க்கரை மிஞ்சும்போதுதான் கார்பன் கொழுப்பாகத் திரும்புகிறது. அதுவரை கரைந்த ஆக்சிஜன் நிறைவளவில் பாதிக்குக் கீழே இறங்காதவாறு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். பிறகு வேகத்தைக் குறைத்து, வாசிப்பு மிகத் தாழ்ந்த, ஆனால் பூச்சியம் அல்லாத நிலையில் நிற்கும்படி விட்டோம். ஒப்பிடுவதற்கு, முழுவதும் நிறையக் காற்றோடு ஒரு தொகுதியும், முழுவதும் குறைந்த காற்றோடு ஒரு தொகுதியும் வளர்த்தோம். டி.எச்.ஏ.வின் பங்கு மட்டும் பார்த்தால் முழுவதும் குறைந்த காற்றில் வளர்ந்ததே முந்தியது. லிட்டருக்கு எவ்வளவு டி.எச்.ஏ. என்று பார்த்தால் அது கடைசியில் நின்றது. இரண்டு கட்டமாக வளர்த்ததே முதலிடம் பெற்றது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: லிட்டருக்கு 20 கிராம் உலர்செல், அதில் பாதி கொழுப்பு, கொழுப்பில் 40 விழுக்காடு டி.எச்.ஏ. என்றால் கிடைப்பது 4 கிராம். உலர்செல் 12 கிராமாகவும் கொழுப்பு 40 விழுக்காடாகவும் இறங்கி, டி.எச்.ஏ. பங்கு 50 விழுக்காடாக உயர்ந்தால் கிடைப்பது 2.4 கிராம்தான். ‘குறைந்த ஆக்சிஜன் டி.எச்.ஏ.வைக் கூட்டும்’ என்று எழுதுபவர் பங்கைச் சொல்கிறாரா, அளவைச் சொல்கிறாரா என்று பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் வேகத்தைக் குறைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிஜனைக் குறைக்க நினைத்து வேகத்தைக் குறைத்தால் கலக்கலும் சேர்ந்தே குறைகிறது. செல்கள் தடித்த நிலையில், குமிழி எழும் நடுப்பகுதியில் ஆக்சிஜன் இருக்க, சுவரோரத்திலும் அடியிலும் முற்றிலும் வற்றிவிடுகிறது. மீட்டர் காட்டுவது அதன் முனை இருக்கும் இடத்தின் கதை மட்டுமே. கூடுதல் குளுக்கோஸை மேலிருந்து ஊற்றினால் விழுந்த இடத்தில் செறிவு திடீரென உயர்கிறது. ஆகவே அதைக் கலக்கிக்கு அருகில் மெல்லிய குழாயில் சொட்டவிடும்படி மாற்றினோம். பின்னர் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமல், உள்ளே விடும் காற்றை மட்டும் குறைத்துப் பார்த்தோம். ஆக்சிஜன் இறங்கியது; கலக்கல் நிலைத்தது; முனையை வெவ்வேறு ஆழங்களில் வைத்தாலும் வாசிப்பு அதிகம் மாறவில்லை. காற்றையும் கலக்கலையும் தனித்தனியே திருப்பக்கூடிய இரண்டு திருகுகளாக வைத்திருப்பது இந்த வேலையில் மிகவும் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

வெப்பத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குளிர்ந்தால் நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். அதே வேளையில், குளிர் தானாகவே டி.எச்.ஏ.வின் பங்கை உயர்த்தும். சித்திரை வெயிலில் வளர்த்த தொகுதியையும் மார்கழியில் வளர்த்த தொகுதியையும் ஒப்பிட்டு, மாற்றம் காற்றால் வந்தது என்று சொல்வது சரியன்று. கலனைச் சுற்றி நீரோடும் உறை வைத்து 28 டிகிரியில் நிறுத்திய பிறகு எடுத்த எண்களை மட்டுமே மேலே எடுத்துக்கொண்டேன்.

மின்வெட்டு டெல்டாவின் கடலோரத்தில் புதிதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்த பின் இங்குப் பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. சிறு தடையே கலனுக்குப் பெரிது. மின்சாரம் நின்ற அரை நிமிடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், ஜெனரேட்டரை ஓடிப்போய் இயக்குவது முதல் கட்டத்துக்குக் காலங்கடந்த உதவி. காற்றுப் பம்பையும் கலக்கி மோட்டாரையும் மட்டும் தனி இன்வெர்ட்டரில் இணைத்தோம். உறைநீர்ப் பம்புக்கு அது வேண்டாம், ஏனெனில் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். காற்றை மட்டும் காத்துக் கலக்கியை விட்டுவிட்டால், செல்கள் அடியில் படிந்து குமிழி அவற்றைத் தொடாது. இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும்.

அறுவடைக்குப் பின் ஆக்சிஜனின் பங்கு முற்றிலும் மாறுகிறது. ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டவுடன் கெட்டுச் சிக்கு வாடை பிடிக்கத் தொடங்கும். வெளிச்சமும் இரும்பும் அதை விரைவுபடுத்தும். மையவிலக்கியில் பிரித்த செல்களை உடனே குளிர்ந்த நீரில் அலசி, வைட்டமின் ஈ சேர்த்து, காற்றை உறிஞ்சி அடைத்த பைகளில் உறைகுளிரில் வைக்கிறோம். உடையாத செல்லுக்குள் இருக்கும்வரை கொழுப்பு ஓரளவு பாதுகாப்பாக இருப்பதால், எண்ணெயாகப் பிழிந்து வைப்பதில்லை. செல்லையே ஆர்ட்டீமியாவுக்குக் கொடுக்கிறோம், அதன் உருவளவு அவை விழுங்கும் அளவுக்குள்தான் இருக்கிறது. ஊட்டும் தொட்டியில் அடர்ந்து நிற்கும் ஆர்ட்டீமியாவும், கொடுத்த தீனியும், அதில் பெருகும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்சிஜனை விரைவாகத் தின்பதால் அங்கும் அதே மீட்டர் தேவைப்படுகிறது. காற்றை மிகுத்தால் செல்கள் நுரையோடு ஏறித் தொட்டியின் விளிம்பில் வரியாக ஒட்டி வீணாகின்றன. இப்போது ஒரே வேளையில் கொட்டாமல் தீனியை இரண்டாகப் பிரித்துப் போட்டு, காற்றை நடுத்தரமாக வைத்து, விளிம்பில் ஒட்டியதைக் கடல்நீர் தெளித்துத் திரும்ப உள்ளே இறக்குகிறோம்.